கழற்றாத லென்ஸும் மாற்றும் லென்ஸும்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஒரு கேமராக் கேள்வி

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவை வாங்குவதா, பெரிய சென்சாரும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஒரே லென்ஸும் கொண்ட காம்பாக்ட் கேமராவை வாங்குவதா என்ற கேள்விக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஏராளமான விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து எழுதுபவர்களுடையவை. அங்குள்ள வெளிச்சத்தையும் காற்றையும் இயல்பாகக் கொண்டு எழுதப்பட்டவை. கடலை ஒட்டியிருந்து, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெற்று, ஆண்டின் பெரும்பகுதி ஈரக் காற்றிலேயே கழிக்கும் திருவனந்தபுரம் போன்ற நகரில் அந்த விடைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எஸ்எல்ஆர் வகைக் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியைப் பார்வைத் துளைக்குத் திருப்பிவிடும் சாய்வான கண்ணாடி ஒன்று உண்டு. அந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டு, சென்சாரில் விழும் உருவத்தையே மின்திரையில் காட்டும் கேமரா மிரர்லெஸ் எனப்படுகிறது. சென்சார் என்பது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சில்லு. பெரிய சென்சார் காம்பாக்ட் என்ற பெயர் பொதுவாக 13.2 × 8.8 மி.மீ. அளவுள்ள ‘1 அங்குல’ சென்சாரிலிருந்து 36 × 24 மி.மீ. அளவுள்ள முழு ஃபிரேம் சென்சார் வரை எதையேனும் கொண்ட, லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமராக்களைக் குறிக்கிறது. 1 அங்குலம் என்பது பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்த வழக்கு. அந்தச் சென்சாரின் எந்தப் பக்கமும் ஓர் அங்குல நீளம் இல்லை.

கேள்வியின் வயது

இந்தக் கேள்வி டிஜிட்டல் காலத்துக்கு முற்பட்டது. ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்து 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான முதல் லைக்கா கேமராவின் 50 மி.மீ. லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல்தான் திருகி மாற்றும் லென்ஸ் அமைப்பு லைக்காவில் வந்தது. ஆக, இன்று எதிரெதிரே நிறுத்தப்படும் இரு வகைகளும் ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே கேமராவிலிருந்து கிளைத்தவை என்று கொள்ளலாம்.

இடையில், 1929இல் வந்த ரோலைஃபிளெக்ஸ் இன்னொரு பாடத்தைத் தந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் கொண்ட அந்தக் கேமராவிலும் லென்ஸை மாற்ற வழியில்லை. ஆனால் அதன் பிலிம் சட்டம் ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம், அதாவது 36 × 24 மி.மீ. சட்டத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு. இந்தியாவின் முதல் பெண் செய்திப் படப்பிடிப்பாளரான ஹோமாய் வியாரவாலா பயன்படுத்திய கேமராக்களுள் ரோலைஃபிளெக்ஸும் ஒன்று. பெரிய பரப்பும் மாற்ற முடியாத லென்ஸும் சேர்ந்த கருவி அக்காலத்தில் தொழில்முறையாளரின் கருவியாகவே இருந்தது என்பதை, கழற்ற முடியாத லென்ஸைப் பொழுதுபோக்காளருக்கு உரியதாகக் கருதும் இன்றைய பார்வையோடு வைத்துப் பார்க்க வேண்டும். மறுபுறம், லென்ஸ் மாற்றும் லைக்காவைக் கையில் வைத்திருந்தும் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடு நின்றுகொண்டவர் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தார். கருவி தந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதும் ஒரு தேர்வாக இருந்திருக்கிறது.

1959இல் நிக்கான் எஃப் வந்த பின், லென்ஸ் மாற்றுதல் தொழிலின் இலக்கணமாயிற்று. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பாளர் சிவன் தம் ஸ்டூடியோவைத் தொடங்கினார். செய்திப் படம், ‘செம்மீன்’ (1965) போன்ற திரைப்படங்களின் நிழற்படம் என்று பலவகை வேலைகளைச் செய்த அவர் போன்றோருக்கும், பத்திரிகையிலிருந்து மலையாளத் திரைப்பட நிழற்படத்துக்குச் சென்ற என். எல். பாலகிருஷ்ணன் போன்றோருக்கும், ஒரு வேலைக்கு ஒரு லென்ஸ் என்ற நிலை போதியிருக்காது. இந்தத் தொழில் மரபிலிருந்தே, ‘உண்மையான கேமரா என்றால் லென்ஸ் கழல வேண்டும்’ என்ற எண்ணம் பொதுவழக்குக்கு வந்ததாகத் தோன்றுகிறது.

டிஜிட்டல் காலத்தில் இரு கிளைகளும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் மீண்டும் துளிர்த்தன. 2008இல் பானாசோனிக் ஜி1, தானியங்கிக் குவியம் கொண்ட மிரர்லெஸ் வகையைத் தொடங்கிவைத்தது. அதே ஆண்டில் சிக்மா டிபி1 என்ற ஒற்றை லென்ஸ் காம்பாக்ட், அதுவரை பெரும்பாலும் எஸ்எல்ஆர்களுக்கே உரியதாயிருந்த அளவிலான சென்சாரோடு கடைக்கு வந்தது. 2011இல் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100, 2012இல் சோனியின் ஆர்எக்ஸ்100, ஆர்எக்ஸ்1, 2013இல் ரிக்கோ ஜிஆர் என்று அடுத்தடுத்து வந்த மாடல்களோடு கேள்வி இன்றைய வடிவத்தை அடைந்தது.

பரப்பே தீர்மானிக்கும் என்ற நிலைப்பாடு

தொடக்க ஆண்டுகளில் மேலோங்கியிருந்த விடை எளியது: சென்சார் பெரிதென்றால் படம் நன்று. இதற்கு இயற்பியல் ஆதாரம் உண்டு. ஒளி துகள்துகளாக வருவதால், குறைந்த ஒளியில் எந்தச் சென்சாரிலும் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே தற்செயலான ஏற்றத்தாழ்வு தோன்றும். படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் அந்த இரைச்சல், சேர்ந்த ஒளியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. ஒளி நான்கு மடங்கானால் இரைச்சல் இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே படத்தின் தெளிவு இருமடங்காகிறது. முழு ஃபிரேமின் பரப்பு 864 சதுர மி.மீ.; ஏபிஎஸ்-சி எனப்படும் இடைப்பட்ட அளவு ஏறக்குறைய 367; 1 அங்குலம் 116. இந்த எண்களை வரிசைப்படுத்திவிட்டால் வாங்கவேண்டியதும் வரிசையாகிவிடும் என்று இத்தரப்பு கருதியது.

இதன் பலவீனம், சென்சார் தானாக ஒளியைச் சேகரிப்பதில்லை என்பதில் இருக்கிறது. ஒளியை உள்ளே விடுவது லென்ஸ். அதைக் கணக்கில் சேர்த்தவர்களே அடுத்த கட்ட விவாதத்தைத் தொடங்கினார்கள்.

துளையின் விட்டம் சொல்லும் கணக்கு

ஒரே கோணப் பரப்பைக் காணும் இரண்டு கேமராக்களில், ஒரே ஷட்டர் நேரத்தில் சேரும் மொத்த ஒளியைத் தீர்மானிப்பது லென்ஸின் ஒளித்துளை விட்டம். லென்ஸின் குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் இந்த விட்டம் கிடைக்கும். இந்த வகுத்தலைச் செய்து பார்த்தால், விளம்பரத் தாள்களில் தெரியாத சில உறவுகள் தெரியவருகின்றன.

முதல் தலைமுறை ஆர்எக்ஸ்100 கேமராவின் லென்ஸ், அகன்ற முனையில் 10.4 மி.மீ., எஃப்/1.8, துளை 5.8 மி.மீ. ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராவோடு பெட்டியிலேயே தரப்படும் 18–55 மி.மீ. லென்ஸ் அகன்ற முனையில் எஃப்/3.5 என்றால், துளை 5.1 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தைப் பார்க்கின்றன. சென்சார் பரப்பில் மூன்று மடங்குக்கு மேல் சிறியதாயினும், ஒளி சேர்ப்பதில் சிறிய கேமரா சற்று முன்னே நிற்கிறது. தூரத்து முனைக்குப் போனால் நிலை மாறுகிறது: காம்பாக்டின் 37.1 மி.மீ., எஃப்/4.9 லென்ஸில் துளை 7.6 மி.மீ.; மிரர்லெஸின் 55 மி.மீ., எஃப்/5.6 லென்ஸில் 9.8 மி.மீ.

ரிக்கோ ஜிஆர் கேமராவின் 18.3 மி.மீ., எஃப்/2.8 லென்ஸில் துளை 6.5 மி.மீ. இதையும் ஆர்எக்ஸ்100 கேமராவின் அகன்ற முனையையும் ஒப்பிட்டால், சென்சார் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தும் சேரும் ஒளி 1.3 மடங்கு அளவிலேயே கூடுகிறது. எக்ஸ்100 வரிசையின் 23 மி.மீ., எஃப்/2 லென்ஸிலோ துளை 11.5 மி.மீ.; முழு ஃபிரேம் மிரர்லெஸில் எஃப்/4 ஜூம் லென்ஸை அதே கோணம் தரும் 35 மி.மீ. நிலையில் வைத்தால் துளை 8.75 மி.மீ.தான். மங்கிய ஒளியில், லட்சங்களைக் கொட்டி வாங்கிய முழு ஃபிரேமைக் காட்டிலும் ஒரு காம்பாக்ட் கூடுதல் ஒளியைச் சேர்க்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இத்தரப்பின் கணக்கைப் பிழையற்றதாகக் கொண்டாலும், அதன் எல்லைகளையும் குறிப்பிட வேண்டும். ஒளி போதாத இடத்தில்தான் இந்தச் சமன்பாடு முழுமையாகப் பொருந்துகிறது. நண்பகல் கோவளம் கடற்கரையிலோ, பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலை நாளில் நகரத் தெருக்களிலோ நிலைமை வேறு. பொங்காலை அடுப்புகளின் கரும்புகை, செங்கல்லுக்கிடையே எரியும் தீ, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் கசவுப் புடவை, தலைத்துண்டின் நிழலில் இருண்ட முகம் ஆகிய நான்கும் ஒரே சட்டத்துக்குள் வரும்போது, ஒளி தாராளமாக இருப்பதால் லென்ஸின் துளை முட்டுக்கட்டையாவதில்லை. நிறைந்து வழியாமல் எவ்வளவு ஒளியைத் தாங்கும் என்ற சென்சாரின் கொள்ளளவே முன்னுக்கு வருகிறது. அங்கே பெரிய பரப்பு பெரிய பரப்புதான். எனவே முதல் நிலைப்பாடு முற்றிலும் வீழ்ந்துவிட்டதாகக் கூறுவது மிகையாகும். அது பகல் வெளிச்சத்தின் நிலைப்பாடாகச் சுருங்கிவிட்டது என்று சொல்வது பொருத்தமாக இருக்கலாம்.

லென்ஸ் குடும்பத்தை முன்வைப்போர்

மூன்றாவது தரப்பு, கேமரா உடலைவிட அதில் மாட்டக்கூடிய லென்ஸ்களின் வரிசையே முக்கியம் என்கிறது. உடல் ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகும். நல்ல லென்ஸ் அடுத்த உடலிலும் தொடரும். எஸ்எல்ஆர் காலத்தில் கண்ணாடிக்கு இடம்விட வேண்டியிருந்ததால், லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே கேனான் ஈஎஃப் வகையில் 44 மி.மீ., நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ. இடைவெளி தேவைப்பட்டது; மிரர்லெஸில் அது சோனி ஈ வகையில் 18 மி.மீ., நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ. எனக் குறைந்தது. இந்தச் சுருக்கத்தால் பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்களையும் இடைவளையம் கொண்டு மாட்ட முடிந்தது. வீட்டு அலமாரியில் கிடந்த பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

இவர்களின் வாதம் மறுக்க முடியாததாகும் இடம் ஒன்று நகரின் தெற்கு விளிம்பிலேயே இருக்கிறது. வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்வெளிகளுக்குப் பறவை பார்க்க வருவோருக்கு, முழு ஃபிரேம் கணக்கில் 28 மி.மீ. அல்லது 35 மி.மீ. கோணத்தில் பார்க்கும் ஒற்றை லென்ஸ் காம்பாக்ட் ஏறக்குறைய எந்தப் பயனும் தராது. நாணலுக்குள் நிற்கும் நாரை படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகவே தங்கும். விதிவிலக்காகச் சோனியின் ஆர்எக்ஸ்10 வரிசை உள்ளது: 2017இல் வந்த நான்காம் தலைமுறையின் கழற்ற முடியாத லென்ஸ் அதே கணக்கில் 24–600 மி.மீ. அளவுக்கு நீள்கிறது. ஆனால் அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை. காம்பாக்ட் என்ற பெயரை அது இழந்துவிடுகிறது.

இந்தத் தரப்பின் பலவீனம் பழக்கத்தில் வெளிப்படுகிறது. லென்ஸ் மாற்ற முடியும் என்பதற்காக மிரர்லெஸ் வாங்குவோரில் பலர், பெட்டியோடு வந்த லென்ஸைத் தாண்டிச் செல்வதில்லை என்று கடைக்காரர்களும் விமரிசகர்களும் நெடுநாளாகச் சொல்லிவருகின்றனர். அவ்வாறு நின்றுவிட்டால், முந்தைய பகுதியில் கண்ட கணக்கின்படி, அவர்கள் வாங்கியது மற்றொரு ஒற்றை லென்ஸ் கேமராதான். அதுவும் சிறிய துளை கொண்டது. இன்னொரு பக்கம், சிறுத்த உடல் காம்பாக்டுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் தேய்ந்துவருகிறது. 2021இல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-இ4 மிரர்லெஸ் உடல் 364 கிராம். தட்டையான 27 மி.மீ. லென்ஸ் 84 கிராம். சேர்ந்து 448 கிராம். அதே நிறுவனத்தின் எக்ஸ்100வி காம்பாக்ட் 478 கிராம். எடையில் மிரர்லெஸ் முந்துகிறது. ஆனால் அந்த லென்ஸ் எஃப்/2.8, காம்பாக்டின் லென்ஸோ எஃப்/2. தொழிற்சாலையிலேயே லென்ஸையும் சென்சாரையும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்துவதால் கிடைக்கும் ஆதாயம் இந்த ஒரு ஸ்டாப்பில், அதாவது இருமடங்கு ஒளியில், தெரிகிறது.

உடன் இருக்கும் கேமராவும் ஒரே கோணமும்

நான்காவது தரப்பு படத்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதைவிடப் படம் எடுக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிறது. பையில் தூங்கும் கேமரா எதையும் எடுப்பதில்லை. சட்டைப்பையில் நுழையும் 257 கிராம் ஜிஆர் III எதையும் எடுக்கத் தயாராக இருக்கிறது என்பது இவர்களின் கூற்று. ஆஸ்துமாவால் அவதிப்பட்ட பார்னாக், கனமான தட்டுக் கேமராவைச் சுமக்க இயலாமையால் சிறிய கேமராவை நாடினார் என்ற வரலாற்றிலிருந்தே இக்கருத்து வேர்விடுகிறது. இதோடு இணைந்து வருவது ஒழுங்கு பற்றிய வாதம்: ஒரே கோணத்தோடு நெடுநாள் பழகினால், கேமராவை உயர்த்துவதற்கு முன்பே சட்டத்துக்குள் என்ன வரும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர் அறிந்த, திருவனந்தபுரத்தின் ‘சாலை’ கடைத்தெருவில் இந்த வாதம் வலுப்பெறுகிறது. இருபுறமும் கடை நெருங்கி, சுமைதூக்குவோரும் இருசக்கர வண்டிகளும் இடைவிடாமல் ஓடும் அந்தத் தெருவில், பின்வாங்கி நிற்க இடமில்லை; 28 மி.மீ. கோணம் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. ஜிஆர் வரிசையில், குவியம் கொள்ளும் தூரத்தை இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டர் என முன்கூட்டியே நிறுத்திவைக்கும் வசதி உண்டு. பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் கேமரா குவியம் தேடி நேரம் கடத்தாமல் பதிவு செய்துவிடும். பெரிய லென்ஸைக் கண்டதும் முகம் மாறும் கடைக்காரர், இந்தச் சிறு கருவியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் கூடும். இவ்வாதம் கவனமாகக் கையாளப்பட வேண்டியது: கருவியின் சிறுமை, படம் எடுக்கப்படுபவரின் இசைவுக்கு மாற்றாகிவிடாது.

ஆனால் அதே நகரின் இன்னொரு நிகழ்வில் இத்தரப்பு தடுமாறுகிறது. பங்குனி, ஐப்பசி விழாக்களின் முடிவில் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் ஆறாட்டு ஊர்வலம், விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து போகும். அந்த நேரத்துக்கு விமானப் போக்குவரத்து நிறுத்தப்படும். ஊர்வலம் கடலை அடையும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை தள்ளியிருக்கும் ஊரில் அந்தி நீடிப்பதில்லை. சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் தீவட்டியின் ஒளிதான் மிச்சம். கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட ஒருவருக்கு, எஃப்/2.8 ஒற்றை லென்ஸ் போதிய ஒளியையும் தராது, நெருக்கத்தையும் தராது. 2024இல் வந்த எக்ஸ்100விஐ போன்ற கேமராக்களில் கையின் நடுக்கத்தை ஈடுசெய்யச் சென்சாரே அசைந்து கொடுக்கும் வசதி உள்ளது. அது அசையாத கோபுரத்துக்கு உதவுமே தவிர, நடந்து செல்லும் மனிதரின் அசைவை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் நேரம் குறைய வேண்டும். ஷட்டர் நேரம் குறைய ஒளி வேண்டும். 85 மி.மீ., எஃப்/1.8 போன்ற ஒரு லென்ஸை மாட்டக்கூடிய உடலே அந்த இடத்தில் வேலைக்கு ஆகும்.

எதிர்த்திசையில் காம்பாக்டுக்குச் சாதகமான ஒரு தொழில்நுட்பக் கூறு அதிகம் பேசப்படாமல் இருக்கிறது. எக்ஸ்100 வரிசையிலும் ஜிஆரிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக அமைந்திருக்கிறது. சென்சாரின் முன் திரைபோல் ஓடும் மிரர்லெஸ் ஷட்டரில், பிளாஷ் ஒளி முழுச் சட்டத்திலும் விழ வேண்டுமானால் வேகம் பெரும்பாலும் நொடியின் 200இல் அல்லது 250இல் ஒரு பங்கோடு நிற்க வேண்டும். இதழ் ஷட்டருக்கு அந்தத் தடை மிகக் குறைவு. கேரளத் திருமணங்களின் முகூர்த்தங்கள் பெரும்பாலும் பகலில் அமைவதால், மண்டபத்துக்கு வெளியே உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைச் சிறு பிளாஷ் கொண்டு நிரப்ப இது மெய்யாகவே உதவுகிறது.

ஈரக் காற்று

இதுவரை கண்ட நிலைப்பாடுகள் எல்லாம் கேமரா வாங்கிய நாளின் நிலையையே அளவுகோலாகக் கொண்டவை. திருவனந்தபுரத்தில் அந்த அளவுகோல் போதாது. பூஞ்சையின் வித்துகள் எங்கும் காற்றில் உள்ளன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டியோ தாண்டியோ சில நாட்கள் நீடித்தால், லென்ஸின் மேல் படிந்த தூசியையும் விரல் எண்ணெயையும் உணவாகக் கொண்டு அவை வளரத் தொடங்குகின்றன. ஆரம்பத்தில் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி இழைபோல் நூல்கள் தெரியும். அவை சுரக்கும் அமிலம் நாளடைவில் லென்ஸின் மேற்பூச்சை அரித்து, துடைத்தாலும் போகாத தழும்பை விட்டுவிடும். ஜூன் தொடங்கி நவம்பர் வரை, இடையிடையே சற்று ஓய்ந்தாலும், இதற்கேற்ற சூழல் இந்நகரில் நிலவுகிறது. கேமராவோடு வந்த தோலுறைக்குள்ளேயே பத்திரமாக வைப்பது நிலைமையை மோசமாக்கும்; தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

இந்தக் கோணத்தில் இரு வகைகளும் வெவ்வேறு விதமாகப் பலவீனப்படுகின்றன. காம்பாக்டின் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கேமரா முழுவதுமே பழுதாகிறது. லென்ஸைச் சுத்தம் செய்ய உடலையே பிரிக்க வேண்டும், சென்சாரோடு இழைத்த பொருத்தம் கெடும் அபாயமும் உண்டு. மிரர்லெஸில் அந்த லென்ஸை மட்டும் தனியே கழற்றிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். சரிப்படாவிட்டால் அதை மட்டும் இழக்கலாம். தூசியிலும் இதே வேறுபாடு. பொங்காலைச் சாம்பல் பறக்கும் தெருவில் லென்ஸை மாற்றினால் சென்சாரில் துகள் படிவது உறுதி; ஆனால் வீட்டுக்கு வந்து காற்றுக்குமிழால் ஊதி அகற்றலாம். காம்பாக்டில் தூசியே நுழையாது என்ற நம்பிக்கை சரியானதல்ல: இயக்கும்போது முன்னே நீண்டு, அணைக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும் லென்ஸ், ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றையும் சிறிது உள்ளிழுக்கிறது. சென்சாரில் தூசி படிவது குறித்து ஜிஆர் பயனர்கள் நெடுங்காலமாகப் பேசிவருவது இதனால்தான். படிந்ததை அவர்களால் தாங்களாக எளிதில் அகற்றவும் முடிவதில்லை.

இவ்வளவையும் கொண்டு மிரர்லெஸே ஈரமான ஊருக்கு ஏற்றது என்று முடிவுகட்டிவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் நிதானம் தேவை. பூஞ்சை பெரும்பாலும் தாக்குவது பயன்படுத்தாமல் வைத்திருக்கும் லென்ஸை. நாள்தோறும் வெளியே வந்து வெளிச்சமும் காற்றோட்டமும் பெறும் கேமராவில் அது குறைவாகவே காணப்படுகிறது என்பது பழுதுபார்ப்போரின் பொதுவான அனுபவ அறிவு. அப்படியானால், மூன்று லென்ஸ் வாங்கி ஒன்றை மட்டும் பயன்படுத்துபவரின் மற்ற இரண்டு லென்ஸ்கள், மழைக்காலத்தில் அலமாரிக்குள் இருந்தே கெட்டுப்போகும் வாய்ப்பு மிகுதி. தினமும் சட்டைப்பையில் செல்லும் ஒற்றை லென்ஸ் காம்பாக்ட், பராமரிப்பில் தேறிவிடக்கூடும். பாதுகாப்பு என்பது வகையைவிடப் புழக்கத்தையே சார்ந்திருக்கிறது.

ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்திவைக்கும் டிரை கேபினட் எனப்படும் மின்பெட்டியோ, குறைந்தபட்சம் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவும் நிறம் மாறும்போது சூடாக்கி மீண்டும் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல்லுமோ, இந்நகரில் கேமரா வாங்குவோரின் செலவுக் கணக்கில் தொடக்கத்திலேயே சேர வேண்டும். மூன்று நான்கு லென்ஸ் வைத்திருப்போருக்கு மின்பெட்டி தவிர்க்க முடியாதது. ஒரு காம்பாக்டுக்கு டப்பாவே போதும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீர்த்திவலை படிவதைத் தடுக்க, கேமராவைப் பைக்குள் மூடியே வைத்து வெளிவெப்பத்துக்குப் பழகவிடும் வழக்கம் இரு வகைகளுக்கும் பொது.

மழையில் எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். கேரளப் படப்பிடிப்பில் மழை ஒரு முதன்மையான பாடுபொருள். அதைத் தொடர்ந்து பதிவு செய்துவந்த மலையாள மனோரமாவின் படப்பிடிப்பாளர் விக்டர் ஜார்ஜ், 2001 ஜூலையில் இடுக்கி மாவட்டத்தில் அந்தப் பணியிலேயே நிலச்சரிவில் உயிரிழந்தார். மழைத்துளி தாங்கும் என்று விற்கப்படும் மிரர்லெஸ் உடல், லென்ஸும் அதேபோல் அடைப்பு கொண்டதாக இருந்தால் மட்டுமே தாங்கும். எக்ஸ்100வி, எக்ஸ்100விஐ கேமராக்களோ, தனியாக வாங்கும் ஒரு வளையமும் 49 மி.மீ. வடிகட்டியும் மாட்டிய பின்பே அந்தத் தகுதியைப் பெறுகின்றன. ஜிஆருக்கு அத்தகைய அடைப்பே கிடையாது.

விலையும் சந்தையும்

உலகச் சந்தையில் டிஜிட்டல் கேமராக்களின் ஆண்டு விநியோகம் 2010இல் 12 கோடியைத் தாண்டியிருந்தது; 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த வீழ்ச்சியில் அழிந்தவை பெரும்பாலும் சிறிய சென்சார் காம்பாக்டுகள். அவற்றின் இடத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. எஞ்சிய பெரிய சென்சார் காம்பாக்டுகள் எண்ணிக்கையில் குறைந்து விலையில் ஏறின. எக்ஸ்100விஐ இந்தியாவில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கப்படுகிறது. அதைவிடக் குறைந்த தொகைக்கு லென்ஸோடு கூடிய தொடக்கநிலை மிரர்லெஸ் கிடைக்கிறது. காம்பாக்ட் என்றால் மலிவு என்ற பழைய அனுமானம் இன்று தலைகீழாகிவிட்டது. 1 அங்குல சென்சார் கைப்பேசிக்குள்ளேயே நுழைந்துவிட்ட நிலையில், அந்த அளவோடு நின்றுவிட்ட காம்பாக்டை வாங்குவதற்கான காரணம் ஜூம் லென்ஸைத் தவிர அதிகமில்லை.

எது இன்னும் முடிவாகவில்லை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில செய்திகளை ஓரளவு உறுதியாகக் கூறலாம். பறவை, மேடைநிகழ்ச்சி, தொலைவில் நின்று எடுக்கும் ஊர்வலம் ஆகியவற்றை நாடுவோருக்கு மிரர்லெஸுக்கு மாற்று இல்லை. அதுவும் உரிய லென்ஸை வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும். தெரு, பயணம், குடும்பம் என்று அருகில் நின்று எடுப்போருக்கும், பெட்டி லென்ஸைத் தாண்டப் போவதில்லை என்று தம்மைப் பற்றித் தெரிந்தோருக்கும், எஃப்/2 ஒற்றை லென்ஸ் கொண்ட ஏபிஎஸ்-சி காம்பாக்ட் பெரும்பாலும் மேலான படத்தையே தரும். கோயிலின் உட்புறத்தைப் படமெடுக்கக் கருதி வாங்குவோருக்கு இந்த விவாதமே தேவையில்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் எந்தக் கேமராவுக்கும், கைப்பேசிக்கும் அனுமதி கிடையாது.

நீடித்த உழைப்பைப் பற்றிய கேள்விக்கோ விடை இன்னும் எட்டவில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்ட காம்பாக்டுக்கு உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், கடலோர நகரங்களில் எந்த வகையின் லென்ஸ் முதலில் கெடுகிறது, இதழ் ஷட்டரும் உள்ளிழுக்கும் லென்ஸும் உப்புக்காற்றில் எவ்வாறு தேய்கின்றன என்பவற்றுக்குப் பழுதுபார்ப்போரின் அனுபவமே இன்றைய ஒரே சான்று. அந்த அனுபவம் மதிப்புமிக்கது. ஆயினும் பழுதான கேமராக்களை மட்டுமே காணும் ஒருவரின் பார்வையில், நன்றாக இருக்கும் கேமராக்கள் கணக்கில் வருவதில்லை. தென்கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் உள்ள பழுதுபார்ப்புக் கடைகள் தம்மிடம் வரும் ஒவ்வொரு கேமராவின் மாடல், வாங்கிய ஆண்டு, வைத்திருந்த முறை, கெட்ட பகுதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் சில மழைக்காலங்களுக்குக் குறித்துவைத்தால், இக்கட்டுரையில் ‘கூடும்’ என்று விடப்பட்ட பல இடங்களைத் திருத்தி எழுத முடியும்.